மாதம் 2 கேம் முடித்தே ஆக வேண்டுமா?

வாசகியின் கடிதம்:

எனக்கு 36 வயது. திருச்சியில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறேன். கணவர், 8 வயதில் ஒரு மகள். சில வருடங்களுக்கு முன் என் தம்பி மஸ்கட்டுக்குப் போகும்போது தன் கேமிங் லேப்டாப்பை என்னிடம் விட்டுவிட்டுப் போனான். அப்போது பிடித்துக்கொண்டது இந்தப் பழக்கம். மகள் தூங்கிய பிறகு, வாரத்தில் 4 ராத்திரி, ஒன்றரை மணி நேரம் எனக்குக் கிடைக்கும். கம்ப்யூட்டர் கேம்கள் விற்கும் ஸ்டீம் தளத்தில் சேல் வரும்போதெல்லாம் வாங்கி வாங்கி 70 கேமுக்கு மேல் சேர்ந்துவிட்டன. பாதியைத் தொடவே இல்லை.

ஜனவரியில் ஒரு நோட்டு போட்டேன். மாதம் 2 கேம் முடிப்பது, டிசம்பருக்குள் எல்டன் ரிங் என்ற கடினமான கேமை முடிப்பது, தீபாவளிக்குள் வேலரன்ட் என்ற துப்பாக்கிச் சண்டை கேமில் கோல்டு ரேங்க் எடுப்பது. ஏப்ரலில் எல்லாம் நின்றுவிட்டது. இப்போது லேப்டாப்பைத் திறந்தாலே பரீட்சைக்குப் படிக்காமல் போன மாதிரி இருக்கிறது. அரை மணி நேரம் லைப்ரரியை மேலும் கீழும் உருட்டிவிட்டு மூடிவிடுகிறேன். இந்த வருடத்தில் நன்றாக நினைவிருப்பது ஒரே ஒரு ராத்திரிதான். தி விட்சர் 3 என்ற கதை கேமில் வரும் ஸ்கெல்லிகே தீவுகளைச் சுற்றிப் படகு ஓட்டிக்கொண்டே இருந்தேன். கதை ஒரு அடி நகரவில்லை. நோட்டில் எழுத எதுவுமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பியோடு சேர்ந்து வேலரன்ட் விளையாடுவேன். அவன் கோல்டு, நான் அதற்குக் கீழே சில்வர். என்னால் அவன் தோற்கிறானோ என்று உறுத்துகிறது. கணவர் எதுவும் சொல்ல மாட்டார். ஒருமுறை மட்டும், "அதுல உனக்கு என்ன கிடைக்குது?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. பொழுதுபோக்குக்கு இலக்கு வைப்பதே தப்பா மேடம்? வைப்பதென்றால் எப்படி வைப்பது?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி)

மனநல ஆலோசகரின் பதில்:

அன்புள்ள தோழி,

பொழுதுபோக்குக்கு இலக்கு வைப்பது தப்பே இல்லை. நாள் முழுக்க வங்கியில் அடுத்தவர் சொல்லும் வேலையைச் செய்துவிட்டு வரும் ஒருவர், தனக்கென்று கிடைக்கும் ஒன்றரை மணி நேரத்தை எப்படிச் செலவழிக்கலாம் என்று யோசிப்பது நல்ல விஷயம். சிக்கல் இருப்பது நீங்கள் தேர்ந்தெடுத்த மூன்று இலக்குகளில். மூன்றும் "முடிவு" பற்றியவை. விளையாடிக்கொண்டிருக்கும் அந்த நேரத்தைப் பற்றி அவற்றில் ஒன்றுகூடப் பேசவில்லை.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் நீங்கள் தேவையில்லாமல் உங்களைச் சோம்பேறி என்று திட்டிக்கொண்டிருக்கிறீர்கள். வாரத்துக்கு 6 மணி நேரம். மாதத்துக்குச் சுமார் 25 மணி. அதிலும் நடுவில் ஒரு நாள் மகளுக்குக் காய்ச்சல், இன்னொரு நாள் கரண்ட் இல்லை. தி விட்சர் 3ன் முக்கியக் கதையை மட்டும் ஓட்டமாக ஓடி முடிக்கவே 50 மணி நேரம் ஆகும். கிளைக்கதைகளோடு நிதானமாக விளையாடினால் 100ஐத் தொட்டுவிடும். எல்டன் ரிங் முதல் முறை விளையாடுபவருக்கு 60 மணிக்குக் குறையாது. அதாவது இந்த இரண்டை மட்டும் முடிக்கவே உங்களுக்கு அரை வருடம் வேண்டும். "மாதம் 2 கேம்" என்பது எழுதிய அன்றே நடக்க முடியாத திட்டம். ஹவ் லாங் டு பீட் என்றொரு தளம் இருக்கிறது, எந்த கேம் முடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று விளையாடியவர்களே பதிவு செய்வார்கள். அடுத்த முறை நோட்டில் ஒரு கேமின் பெயரை எழுதும் முன் அங்கே பார்த்துவிடுங்கள்.

எண்ணிக்கையை இலக்காக வைப்பதில் இன்னொரு கெடுதலும் உண்டு. அது உங்கள் ரசனையை மெல்ல மாற்றிவிடும். 2 முடிக்க வேண்டுமென்றால் கை தானாகவே சின்ன கேம்கள் பக்கம் போகும். பெரிய கேமைத் தொட்டாலும் பாத்திரங்கள் பேசுவதைக் கேட்காமல் பட்டனை அழுத்தித் தள்ளிவிட்டு ஓடுவோம். என்னிடம் ஆலோசனைக்கு வரும் இளைஞர்களில் பலர் இப்படித்தான் சொல்கிறார்கள். வருடக் கடைசியில் பட்டியல் நீளமாக இருக்கும், ஆனால் எந்தக் கதையும் மனதில் நிற்காது.

இதற்குப் பின்னால் உளவியலில் நன்றாகத் தெரிந்த ஒரு பழைய ஆய்வு இருக்கிறது. 1973ல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் ஒரு மழலையர் பள்ளியில், தாங்களாகவே ஸ்கெட்ச் பேனாவை எடுத்து ஆசையாகப் படம் வரையும் குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு குழுவிடம், "படம் வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். இரண்டாவது குழுவுக்கு ஒன்றும் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைத் தந்தார்கள். மூன்றாவது குழுவுக்கு எதுவும் தரவில்லை. சில நாள் கழித்து, அந்தப் பேனாக்களை வகுப்பில் சும்மா வைத்துவிட்டு யார் எடுக்கிறார்கள் என்று கவனித்தார்கள். பரிசு வரும் என்று முன்பே தெரிந்து வரைந்த குழந்தைகள், மற்ற இரண்டு குழுக்களோடு ஒப்பிட்டால் பாதி நேரம்தான் வரைந்தார்கள். ஏற்கெனவே பிடித்துச் செய்த ஒரு காரியம், "இதற்காகச் செய்கிறேன்" என்று ஆனவுடன் அதன் இழுப்பை இழந்துவிட்டது.

இதில் பலர் விட்டுவிடும் பகுதி அந்த இரண்டாவது குழு. எதிர்பாராமல் சான்றிதழ் கிடைத்த குழந்தைகளுக்கு ஆர்வம் குறையவே இல்லை. ஆகவே, என்ன செய்தோம் என்று பிறகு எழுதி வைப்பதில் கெடுதல் எதுவும் இல்லை. நீங்கள் நோட்டைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. அதில் எதை, எப்போது எழுதுகிறீர்கள் என்பதை மட்டும் மாற்றினால் போதும். அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

கேம்களுக்குள்ளேயே இந்தச் சான்றிதழ்கள் ஏராளம். 2005ல் எக்ஸ்பாக்ஸ் 360 வந்தபோது எல்லா கேமுக்கும் சேர்த்து ஒரே கணக்காக அச்சீவ்மென்ட் புள்ளிகள், அதாவது கேமுக்குள் குறிப்பிட்ட ஒன்றைச் செய்தால் கிடைக்கும் சாதனைப் புள்ளிகள், வந்தன. 2007ல் ஸ்டீமும், 2008ல் பிளேஸ்டேஷன் 3ன் டிராபிகளும் அதே வழியில் வந்தன. இன்று எந்த கேமைத் திறந்தாலும், "இன்னும் இவ்வளவு பாக்கி" என்று ஓர் எண் நம் முன்னால் நிற்கிறது. அந்தப் பாக்கியை அடைத்தே ஆக வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றும்போது, நின்டெண்டோவின் பிரெத் ஆஃப் தி வைல்ட் கேமை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் உலகம் முழுக்க 900 கொரோக் விதைகள் ஒளித்து வைக்கப்பட்டிருக்கின்றன. ஆயுதங்களை வைக்கும் பையை முழுமையாகப் பெரிதாக்க 441 போதும். 900ஐயும் தேடி எடுத்துக்கொண்டு போனால், தங்க நிறச் சாணம் போன்ற ஒரு பொருளைத் தருவார்கள். அதனால் விளையாட்டில் எந்தப் பயனும் இல்லை. யார் எந்தப் பக்கம் போனாலும் வழியில் சிலவற்றைப் பார்த்து மகிழட்டும் என்றுதான் அத்தனை விதைகள். அத்தனையையும் சேர்த்தே தீர வேண்டும் என்று அவர்கள் யாரிடமும் கேட்கவில்லை.

முடிக்காமல் விட்ட கேம்கள் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்டீமில் ஒவ்வொரு கேமின் அச்சீவ்மென்ட் பக்கத்திலும், எத்தனை சதவீதம் பேர் அதைப் பெற்றிருக்கிறார்கள் என்று இருக்கும். கதையின் கடைசிக் கட்டத்துக்கான அச்சீவ்மென்ட்டைத் தேடிப் பாருங்கள். பல பெரிய கேம்களில் வாங்கியவர்களில் பாதிப் பேர்கூட அங்கே போய்ச் சேர்ந்திருக்க மாட்டார்கள். நீங்கள் மட்டும் பின்தங்கிவிட்டதாக நினைக்க எந்தக் காரணமும் இல்லை.

சரி, அப்படியானால் எந்த இலக்கை வைப்பது? அதற்கான பதிலை உங்கள் கடிதத்திலேயே எழுதியிருக்கிறீர்கள். அந்தப் படகு.

உங்கள் கடிதத்தில் சந்தோஷமாக எழுதப்பட்ட வரிகள் அவை மட்டும்தான். அதையும் "நோட்டில் எழுத எதுவுமே இல்லை" என்று ஒரு குறையாகச் சொல்லி முடித்துவிட்டீர்கள். நான் அதை இந்த வருடத்தில் உங்களுடைய மிக முக்கியமான பதிவாகப் பார்க்கிறேன். 1996ல் ரிச்சர்ட் பார்ட்டில் என்பவர், உலகின் முதல் இணைய வழிப் பலர் விளையாட்டுகளில் ஒன்றை உருவாக்கிய இருவரில் ஒருவர், விளையாடுபவர்களை நான்கு வகையாகப் பிரித்து எழுதினார். சாதிக்க வருபவர்கள், சுற்றிப் பார்க்க வருபவர்கள், பழக வருபவர்கள், மற்றவர்களை வீழ்த்த வருபவர்கள். எல்லோரிடமும் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். ஆனால் உங்களை நான் கடிதத்தில் பார்த்த அளவில், நீங்கள் சுற்றிப் பார்க்க வருபவர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பழக வருபவர். நோட்டில் எழுதிய மூன்று இலக்குகளோ சாதிக்க வருபவருக்கானவை. அவை யூடியூபிலிருந்தோ, தம்பியிடமிருந்தோ, அலுவலகப் பழக்கத்திலிருந்தோ வந்திருக்கலாம். உங்களிடமிருந்து வந்ததாகத் தெரியவில்லை.

2006ல் ரிச்சர்ட் ரயன் என்ற உளவியலாளரும் அவரோடு இருவரும் செய்த ஆய்வில், ஒரு கேம் நமக்கு ஏன் பிடிக்கிறது என்பதை மூன்று தேவைகளை வைத்து விளக்கினார்கள். நானே தேர்ந்தெடுக்கிறேன் என்ற உணர்வு, என் கைக்குத் திறமை வருகிறது என்ற உணர்வு, யாரோடோ இணைந்திருக்கிறேன் என்ற உணர்வு. இலக்கு வைக்கும்போது இந்த மூன்றில் எது எனக்கு வேண்டும் என்று கேட்டுக்கொள்வதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. உங்கள் நான்கு ராத்திரிகளுக்கு முதலாவது. ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்றாவது. இரண்டாவதற்கு ஆசை வந்தால் அதற்கென ஒரு சின்ன இடம். இப்படிப் பிரித்துவிட்டால் இலக்குகள் தாமாகவே வேறு மாதிரி வரும்.

ராத்திரிகளை எடுத்துக்கொள்வோம். உங்களுடைய முதல் வேலை, லேப்டாப்பில் மூன்று கேம்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அன்இன்ஸ்டால் செய்வது. ஒரு பெரியது, ஒரு சின்னது, தம்பியோடு விளையாடுவது. அழித்தவை எங்கும் போய்விடாது, உங்கள் ஸ்டீம் கணக்கில் இருக்கும். ஆனால் களைத்துப் போன ராத்திரி 10 மணிக்கு 70 பெயர்களிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பது என்பது தனி வேலை. அந்த அரை மணி நேர உருட்டல் அதனால்தான் நடக்கிறது, ஆர்வம் போனதால் அல்ல.

அடுத்தது, இன்று என்ன செய்யப் போகிறேன் என்பதை லேப்டாப்பைத் திறக்கும் முன்பே தீர்மானித்துவிடுங்கள். பாத்திரம் கழுவும்போது யோசித்தால் போதும். "இன்று ஸ்கெல்லிகேயில் தெற்குப் பக்கம் இருக்கும் தீவுக்குப் போகிறேன்", "இன்று வேட்டை வேலை ஒன்றை மட்டும் எடுத்து, அந்த ஊர்க்காரர்கள் சொல்வதை முழுசாகக் கேட்கிறேன்". இவ்வளவு சின்னதாக இருக்க வேண்டும். ஒரே ராத்திரியில் முடியக்கூடியதாக இருக்க வேண்டும். முடியாவிட்டால் மறுநாளுக்கு எடுத்துப் போகக் கூடாது. மறுநாள் வேறு ஆசை வரலாம். வரட்டும். இந்தக் கடைசி விதியை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் உங்களைப் போலப் பொறுப்பாக வேலை செய்து பழகியவர்கள் விட்டுப்போனதை எல்லாம் பாக்கியாகச் சேர்த்துக்கொண்டே போவார்கள். வங்கியில் அது சரி. இங்கே வேண்டாம்.

விட்சரில் சண்டைகள் கடினமாக இருந்து வழி மறித்தால், கடினத்தைக் குறைத்துவிடுங்கள். அதில் கதைக்காக மட்டும் விளையாடுபவர்களுக்கென்றே ஓர் எளிய நிலை இருக்கிறது. 2018ல் வந்த செலஸ்ட் என்ற மலையேறும் கேம், கைக்கு மிகக் கடினமானது என்று பெயர் எடுத்தது. அதைச் செய்தவர்களே விளையாட்டின் வேகத்தைக் குறைக்கவும், சாகாமலே விளையாடவும் வசதி வைத்திருக்கிறார்கள். உருவாக்கியவர்களே தந்திருக்கும் வசதியைப் பயன்படுத்த நீங்கள் தயங்க வேண்டியதில்லை.

எல்டன் ரிங்கில் அந்த வசதி கிடையாது, அதனால் அதைத் தனியாகப் பேச வேண்டும். உங்களுக்கு உண்மையிலேயே அந்த கேம் பிடிக்கிறதா, அல்லது எல்லோரும் முடித்துவிட்டார்கள் என்பதால் முடிக்க வேண்டுமா? பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். பிடிக்கிறது என்றால், "டிசம்பருக்குள் முடிப்பேன்" என்பதை அழித்துவிட்டு இப்படி மாற்றுங்கள். ஸ்டார்ம்வெயில் கோட்டை வாசலில் மார்கிட் என்ற பாஸ், அதாவது பெரிய எதிரி, பெரும்பாலானவர்களைத் தடுத்து நிறுத்துவான். கோலை ஓங்கிவிட்டு அடிக்காமல் ஒரு கணம் தாமதிப்பான். நாம் அதற்குள் உருண்டுவிடுவோம், அப்புறம் அடி விழும். "இன்று அவனை ஜெயிக்கிறேன்" என்று உட்கார்ந்தால் ஒன்றரை மணி நேரமும் தோல்விதான். "இன்று அந்தத் தாமதமான அடியை மட்டும் கற்றுக்கொள்கிறேன்" என்று உட்கார்ந்தால், பத்து முறை செத்தாலும் ராத்திரி வீண் இல்லை. அது பதினோராவது முறை கண்ணுக்குப் பிடிபடும்போது வரும் மகிழ்ச்சிதான் நான் முன்பு சொன்ன இரண்டாவது தேவை. அதுவும் சலித்தால், கோட்டையை விட்டுவிட்டுத் தெற்கே பாலத்தைத் தாண்டி வீப்பிங் பெனின்சுலா பக்கம் குதிரையை விடுங்கள். அங்கே சுற்றிக்கொண்டே லெவல் ஏற்றிக்கொண்டு வரலாம். சுற்றிப் பார்க்க வருபவருக்கு அந்த கேமில் அதுதான் இயல்பான வழி.

விடுவதற்கும் ஒரு விதி வேண்டும். மூன்று ராத்திரி தொடர்ந்து ஒரு கேமைத் திறக்க மனசு வரவில்லை என்றால் அதை அழித்துவிட்டு அடுத்ததை எடுங்கள். "காசு போட்டு வாங்கியது" என்ற நினைப்பு வரும். காசு போனது போனதுதான், நேரத்தையும் சேர்த்துப் போட்டால் அது திரும்பி வராது. புதிதாக வாங்கியதில் இந்தத் தவிப்பு வராமலிருக்க ஸ்டீமில் ஒரு வழி உண்டு. வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அதனால் வாங்கிய வாரமே ஒரு மணி நேரமாவது திறந்து பாருங்கள். சேல் பற்றி ஒன்றே ஒன்று. கோடையிலும் டிசம்பரிலும் வருடா வருடம் வரும். இன்று வாங்காவிட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. மூன்றில் ஒன்று காலியானால் மட்டும் நான்காவதை வாங்குவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வேலரன்ட். தீபாவளிக்குள் கோல்டு என்ற இலக்கை நான் எடுத்துவிடச் சொல்வேன். காரணம் உங்கள் திறமை இல்லை. ரேங்க் உள்ள எந்த விளையாட்டிலும், உங்களுக்குச் சமமானவர்களைத் தேடி எதிரே நிறுத்துவதுதான் அந்த அமைப்பின் வேலை. நீங்கள் முன்னேறினால் எதிரிகளும் அதற்கேற்ப வலுவாவார்கள். அதனால் நன்றாக ஆடினாலும் கிட்டத்தட்ட பாதி மேட்ச்கள் தோல்வியிலேயே முடியும். அதோடு 5 பேர் கொண்ட டீமில் நீங்கள் ஒருவர். மற்ற நான்கு பேரும், எதிரே ஐந்து பேரும் என்ன செய்வார்கள் என்பது உங்கள் கையில் இல்லை. உங்கள் கையில் இல்லாத ஒன்றுக்குத் தேதி குறிக்கக் கூடாது.

கையில் இருப்பவை வேறு. சில்வரில் பலர் நடக்கும்போது கிராஸ்ஹேரை, அதாவது திரையின் நடுவில் குறி பார்க்க இருக்கும் புள்ளியை, தரையைப் பார்த்தபடி வைத்திருப்பார்கள். எதிரி வந்ததும் மேலே தூக்குவதற்குள் செத்துவிடுவார்கள். ஒரு மாதம் முழுக்க ஒரே இலக்கு, எந்த மூலையைத் திரும்பினாலும் கிராஸ்ஹேர் தலை உயரத்தில் இருக்க வேண்டும். அவ்வளவுதான். அடுத்த மாதம், ஓடிக்கொண்டே சுடாமல் நின்று சுடுவது. அதற்கடுத்த மாதம், செத்த ஒவ்வொரு முறையும் ஏன் செத்தோம் என்று ஒரே வாக்கியத்தில் மனதுக்குள் சொல்லிக்கொள்வது. மேட்ச் தோற்றாலும் அன்றைய இலக்கு நடந்ததா இல்லையா என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். ரேங்க் உயரலாம், உயராமலும் போகலாம். உயர்ந்தால் அது எதிர்பாராமல் வந்த சான்றிதழ்.

இதே விளையாட்டில் பேட்டில் பாஸ் என்று ஒன்று வருமே, அது உங்களுக்கு வேண்டாம். குறிப்பிட்ட தேதிக்குள் இவ்வளவு விளையாடினால்தான் இந்த அலங்காரங்கள் கிடைக்கும் என்று கம்பெனி போட்டுத் தரும் இலக்கு அது. ஜென்ஷின் இம்பாக்ட் என்ற இன்னொரு கேமில் ரெசின் என்ற சக்தி 8 நிமிடத்துக்கு ஒன்று என்று ஊறி, ஓர் அளவுக்கு மேல் நிரம்பி நின்றுவிடும். தினமும் வந்து செலவழிக்காவிட்டால் வீணாகிறதே என்று நம்மை உள்ளே இழுக்கத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். வாரத்தில் 6 மணி நேரம் இருப்பவர் இவற்றில் ஒன்றில் சிக்கினால்கூட, நேரம் முழுவதும் அவர்களுடைய காலண்டருக்கே போய்விடும்.

நேரத்தைப் பற்றியும் ஓர் இலக்கு வைக்கத்தான் வேண்டும், காலையில் மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வேலைக்குப் போகிறீர்கள். பலரும் "11 மணிக்கு நிறுத்திவிடுவேன்" என்று வைப்பார்கள், நடக்காது. வேலரன்ட்டில் முதலில் 13 ரவுண்டு ஜெயிக்கும் டீம் வெல்லும், 12க்கு 12 என்று வந்தால் இன்னும் நீளும், அரை மணி முதல் முக்கால் மணி நேரம் ஆகலாம். நடுவில் வெளியேறினால் தண்டனை, டீமுக்கும் சங்கடம். அதனால் எப்போது நிறுத்துவது என்று வைக்காமல், எப்போதுக்கு மேல் புதிதாகத் தொடங்குவதில்லை என்று வையுங்கள். "10:30க்கு மேல் புது மேட்ச் கிடையாது." கதை விளையாட்டுகளில் 11 மணிக்கு அருகில் இருக்கும் சேவ் இடத்தைத் தேடிப் போவது. தொடர்ந்து இரண்டு மேட்ச் தோற்றால் அன்றைக்கு ரேங்க் மேட்ச் போதும், படகை எடுங்கள்.

தம்பி விஷயத்துக்கு வருகிறேன். "என்னால் அவன் தோற்கிறானோ" என்று நீங்கள்தான் நினைக்கிறீர்கள். அவன் அப்படிச் சொன்னதாகக் கடிதத்தில் இல்லை. மஸ்கட்டில் தனியாக இருக்கும் ஒரு பையன், ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவோடு உட்கார்ந்து விளையாட நேரம் ஒதுக்குகிறான் என்றால், அவனுக்கும் கோல்டைவிட முக்கியமானது ஏதோ அதில் இருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. அவனிடமே நேராகக் கேளுங்கள், "டேய், ஞாயித்துக்கிழமை ரேங்க் விளையாடலாமா, சும்மா விளையாடலாமா?" என்று. ரேங்க் இல்லாத மேட்ச் விளையாடினால் யாருடைய புள்ளியும் குறையாது. இன்னொன்றும் செய்யலாம். 2021ல் வந்த இட் டேக்ஸ் டூ என்ற கேமைத் தனியாக விளையாடவே முடியாது, இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வாங்கினால் போதும், மற்றவர் ஃபிரண்ட்ஸ் பாஸ் மூலம் இலவசமாகச் சேர்ந்துகொள்ளலாம். அதில் ஒருவர் முன்னேறினால் மற்றவரும் முன்னேற வேண்டும், சில்வரும் கோல்டும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைக்கான இலக்கு என்று ஒன்று வேண்டுமானால், இந்த வாரம் அவனோடு பேசிச் சிரித்தோமா என்பதை வைத்துக்கொள்ளுங்கள்.

நோட்டுக்கு வருவோம். முன் பக்கங்களில் இருக்கும் மூன்று இலக்குகளையும் அடித்துவிடுங்கள். இனி விளையாடுவதற்கு முன் அதில் எதையும் எழுத வேண்டாம். விளையாடி முடித்த பிறகு, தூங்கப் போகும் முன், ஒரே ஒரு வரி. என்ன பார்த்தீர்கள், எது பிடித்தது, எது கடுப்பேற்றியது. தோன்றாவிட்டால் எழுத வேண்டாம். முதல் வரியாக அந்தப் படகு ராத்திரியை எழுதுங்கள். இரண்டு மூன்று மாதம் கழித்துப் புரட்டினால், உங்களுக்கு எது பிடிக்கிறது என்று அந்த வரிகளே காட்டிக்கொடுக்கும். அதற்கு அடுத்த கேமை அதை வைத்துத் தேர்ந்தெடுங்கள்.

இது அடிமைத்தனமாக இருக்குமோ என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வீட்டில் யாராவது கேட்கலாம் என்பதால் சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனம் கேமிங் கோளாறை நோய்ப் பட்டியலில் சேர்க்க 2019ல் ஒப்புதல் கிடைத்தது, 2022 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. விளையாடுவதைக் கட்டுப்படுத்த முடியாமை, மற்ற வேலைகளையும் விருப்பங்களையும்விட அதற்கு மேலும் மேலும் முதலிடம் கொடுப்பது, பாதிப்பு வந்த பிறகும் தொடர்வது, இவை பொதுவாக ஒரு வருடமாவது நீடித்து, குடும்பத்தையோ வேலையையோ படிப்பையோ கணிசமாகக் கெடுத்திருக்க வேண்டும். வாரத்துக்கு 6 மணி நேரம், அதுவும் மகள் தூங்கிய பிறகு, பிடிக்காதபோது மூடிவைத்துவிட முடிகிற உங்களுக்கு இது பொருந்தாது. பொருந்துகிற யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், பெங்களூரு நிம்ஹான்ஸில் 2014 முதல் இதற்கென்றே ஷட் என்ற தனிப் பிரிவு இயங்குகிறது, அங்கே அனுப்பலாம்.

கணவர் கேட்ட கேள்வியை நீங்கள் குற்றச்சாட்டாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு அது உண்மையான கேள்வியாகவே படுகிறது. ராத்திரியில் நீங்கள் எங்கே போகிறீர்கள் என்று அவருக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ள விரும்புகிறார். வாயால் விளக்குவதைவிடக் காட்டிவிடுவது எளிது. 2023ல் வெண்பா என்றொரு கேம் வந்தது. கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை, டொரண்டோவிலிருக்கும் விசை கேம்ஸ் செய்தது, 2024ல் அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருதும் பெற்றது. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும், உங்களுடைய ஒரே ஒரு ராத்திரி. முதல் கட்டத்திலேயே இட்லித் தட்டுகளை ஓட்டைகள் மாறி மாறி வரும்படி அடுக்க வேண்டும். அதை அவர் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். தப்பாக அடுக்கினாலும் திருத்த வேண்டாம். முடித்த பிறகு அவர் மறுபடி அந்தக் கேள்வியைக் கேட்டால், ஸ்கெல்லிகேயைத் திறந்து படகையும் காட்டுங்கள்.

எந்த மூன்று கேம்களை வைத்துக்கொண்டீர்கள், தம்பி என்ன சொன்னான் என்று மறக்காமல் எழுதுங்கள்.